முருங்கன் களிமண்ணுக்கு சாட்ஜிபிடி அத்திவாரம் சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் வீட்டுக் கம்பிக் கணக்கைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் கம்பியை விட்டுவிட்டு ஏஐ பற்றியே கேட்டிருந்தீர்கள். சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், நீண்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தாய்: மகனுக்கு உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடம் கிடைக்கும் போல இருக்கிறது. கட்டடம் கட்டுகிற துறைதான் வேண்டும் என்கிறான். கனடாவில் இருக்கும் என் தம்பியோ, பத்து வருடத்தில் அதையெல்லாம் ஏஐ செய்துவிடும், கொம்பியூட்டர் படிக்கச் சொல் என்கிறான். நான் யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா, மகனுக்கு விருப்பம் இருந்தால் விடுங்கள், படிக்கட்டும். ஆனால் உங்கள் தம்பி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டமைப்புப் பொறியியலாளர் என்ன செய்கிறார் என்றால், கூரை, சுவர், ஆட்கள், காற்று, மேலே வைத்த தண்ணீர்த் தாங்கி என்று எல்லாப் பாரமும் எந்தெந்த வழியால் இறங்கி மண்ணுக்குப் போகிறது என்று பார்க்கிறார், அந்த வழியில் இருக்கும் ஒவ்வொன்றும் தாங்குமா என்று சொல்கிறார். இதில் கணக்குப் போடும் பகுதி மனிதர் கையை விட்டுப் போய்க் கனகாலம். 1930இல் ஹார்டி குரொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு முறையை வெளியிட்டார், மாடிக் கட்டடத்தின் தூண்களையும் பீம்களையும் தாளில் எண்களைத் திருத்தித் திருத்தி எழுதியே அதனால் தீர்க்க முடிந்தது, ஒரு தலைமுறைக்கு மேல் அப்படித்தான் வேலை செய்தார்கள். பிறகு கணினி வந்து நாட்கணக்கான அந்த வேலையை நிமிடங்களுக்குள் கொண்டு வந்தது. பொறியியலாளர்கள் இல்லாமல் போகவில்லை. இப்போது ஏஐ வந்து, கணினிக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கும் வேலையிலும் பங்கு கேட்கிறது. இது புதிது.

என்னைக் கவலைப்படுத்துவது இதிலே ஓர் இடம்தான், அதை ஒரு சம்பவத்தோடு சொன்னால் விளங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வவுனியாவில் ஒரு சின்ன அலுவலகம். 20 அடிக்கு 30 அடி மண்டபம் ஒன்றுக்கு 6 அங்குல கொன்கிரீட் சிலாப். மென்பொருளில் எல்லாம் போட்டு, கம்பி வரைபடம் வரைந்து, பெருமையோடு கொண்டு போய் வைத்தேன். எங்கள் மூத்த பொறியியலாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளை, இந்த சிலாப் எத்தனை தொன் இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. அவர் பேனையால் வரைபடத்தின் ஓரத்திலேயே பெருக்கினார். சிலாப் மட்டும் 21 தொன் வருகிறது. பிறகு கணினியைத் திறந்து, தூண்களின் அடியில் வந்து சேரும் பாரத்தைக் கூட்டச் சொன்னார். பாதுகாப்புக்குக் கூட்டுகிற பெருக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் மொத்தம் 14 தொன்தான் இருந்தது. மென்பொருளில், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கும் பெட்டியில் 1 இருக்க வேண்டிய இடத்தில் நான் 0 விட்டிருந்தேன். அதாவது சிலாப்புக்கு எடையே இல்லை என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு சொல்லும் சொல்லாமல் கணக்குப் போட்டு, நிறம் நிறமாகப் படமும் தந்திருக்கிறது. அந்த மண்டபம் அப்படியே கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறும்.

அவர் அந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இருபது, முப்பது வருடம் சிலாப் சிலாப்பாகக் கையால் எடை பார்த்து வந்த பழக்கம் அது. அந்தச் சலிப்பான வேலையைத்தான் இப்போது முதலில் இயந்திரத்திடம் கொடுக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் கை பழகும் வேலையும் அதுதான். அதைச் செய்யாமலே வளர்கிற பிள்ளை, ஐம்பது வயதில் "இது எத்தனை தொன்?" என்று கேட்குமா? இதற்குப் பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் சேர்ந்துதான் வழி பார்க்க வேண்டும். மகனிடம் சொல்லுங்கள்: ஏஐயைப் பாவிக்கட்டும், தள்ளி வைக்க வேண்டாம், ஆனால் கையால் ஒரு தடவை செய்து பார்க்காத எதையும் அதனிடம் கொடுக்க வேண்டாம். பயிற்சிக்குப் போகும்போது குளிரூட்டிய அலுவலகத்தைத் தேடாமல் கம்பி கட்டுகிற இடத்துக்குப் போகட்டும். அப்படி வளர்கிற பிள்ளைக்கு வேலை இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

கொம்பியூட்டர் படித்தால் தப்பலாம் என்பதும் அவ்வளவு சரியில்லை. நிரல் எழுதும் வேலையிலும் ஏஐ ஏற்கெனவே நன்றாகவே புகுந்துவிட்டது.

முருங்கனில் இருந்து: சொந்தக் காணியில் மூன்று அறை வீடு கட்டப் போகிறேன். சாட்ஜிபிடியிடம் கேட்டேன். அத்திவாரம் இரண்டரை அடி ஆழம், தூண் 9 அங்குலம், 12 மில்லிமீற்றர் கம்பி நான்கு என்று வடிவாக எழுதித் தந்தது. மேசனும் இது காணும் என்கிறார். இதற்குப் பிறகும் பொறியியலாளருக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அது உங்களுக்குத் தந்த பதிலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. நல்ல செம்மண்ணில், ஒரு தட்டு வீட்டுக்கு, பலரும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அது உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எந்த ஊர், என்ன மண், வயலுக்குக் கிட்டவா, மாரியில் தண்ணீர் நிற்குமா, ஒன்றும் இல்லை. கேட்டதற்கு வழக்கமாக எப்படிப் பதில் வருமோ அப்படி ஒரு பதிலைக் கோத்துத் தந்தது, அவ்வளவுதான்.

உங்கள் ஊர் மண் லேசான மண் இல்லை. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல்களில் ஆவணி மாதம் நடந்து பாருங்கள், வெடிப்புக்குள் கை போகும். மாரி தொடங்கியதும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பி, வெடிப்பெல்லாம் மூடிவிடும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் களி முருங்கனில் இருந்துதான் போனது, அவ்வளவு களி. நெல்லுக்கு அது வரம். வீட்டுக்கு அப்படி இல்லை, வெளிச்சுவரின் அடி மழையில் நனைந்து உப்பும், வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே மண் காய்ந்தே இருக்கும், பிறகு வெயிலில் வெளிப்பக்கம் சுருங்கும். ஒவ்வொரு வருடமும் வீட்டின் ஓரம் மேலே போய்க் கீழே வருகிறது. யன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஏறும் வெடிப்பை உங்கள் பக்கத்து வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இதனால் வருவது. நீங்கள் சொல்லும் இரண்டரை அடி, உப்பி வற்றுகிற அந்த மேல் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், பக்கத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் அளவுச்சாடி இரண்டு வாங்கிச் செய்யலாம். அத்திவாரம் வரும் ஆழத்தில் மண் எடுத்து, நன்றாகக் காயவைத்து, இடித்து, மெல்லிய அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாடியிலும் 10 மில்லிலீற்றர் அளவு மண். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் இருக்கும் மண் மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நிற்குமென்றால் கவனம் வேண்டும், இரண்டு மடங்கு என்றால் சாதாரண அத்திவாரத்தை மறந்துவிடுங்கள். ஆழமாகப் போவதா, முழு வீட்டுக்கும் சேர்த்து விறைப்பான ஒரே தளமாகப் போடுவதா, அத்திவாரங்களைப் பீமால் எப்படிக் கட்டுவது, வீட்டைச் சுற்றி எவ்வளவு தூரம் தண்ணீர் நிற்காமல் சீமெந்துத் தரை போடுவது என்பதெல்லாம் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

இதை எழுதுவதற்கு முன் நானும் அதே கேள்வியை அதனிடம் கேட்டுப் பார்த்தேன். முதலில் கிட்டத்தட்ட உங்களுக்கு வந்த பதில்தான் வந்தது. உப்பி வற்றுகிற களி என்று சேர்த்துக் கேட்டதும் ஆழம், பீம், தண்ணீர் வடிகால் என்று நல்ல பதில் தந்தது. ஆக அறிவு அதற்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். பிறகு நாளைக்கு வீடு வெடித்தால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கிளிநொச்சியில் இருந்து ஓர் இளம் பொறியியலாளர்: இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஏஐ எங்கள் துறையில் உண்மையில் எதற்கெல்லாம் பாவிக்கப்படுகிறது? கோட் புத்தகத்தில், அதாவது வடிவமைப்பு விதிநூலில், உள்ள விதிகளை அதனிடம் கேட்கலாமா?

தம்பி, இது நேற்று வந்த விஷயம் இல்லை. 1989இலேயே அடெலி, யே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நரம்பு வலையமைப்பை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகும் கணினி முறையைக், கட்டமைப்பு வடிவமைப்புக்குப் பாவித்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். இப்போது நடப்பது பல திசையில் போகிறது. பாலங்களின் படங்களில் வெடிப்பைத் தேடுவது, பாலத்தில் பூட்டிய உணரிகளின் அளவுகளில் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது, ஒரே கட்டடத்துக்கு நூறு விதமான தூண் அமைப்பை வரிசையாகப் போட்டுப் பார்த்து இரும்பு குறைந்ததைத் தேர்வது, கொன்கிரீட் கலவையின் பலத்தை முன்கூட்டியே சொல்வது, அறிக்கை எழுதுவது. இவற்றில் பலது நல்ல வேலை, பயப்படாமல் பழகுங்கள்.

கோட் விதிகளைக் கேட்கலாமா என்றால், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று கேளுங்கள், விடையைப் புத்தகத்தில் பாருங்கள். இல்லாத விதி இலக்கத்தைக்கூட அது நம்பிக்கையோடு எழுதும். எங்கள் நாட்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாங்கள் பிஎஸ் 8110 என்ற பிரித்தானியக் கொன்கிரீட் கோட்டில் வளர்ந்தவர்கள், பிரித்தானியா அதை 2010இல் மீட்டுக்கொண்டது, இப்போது யூரோகோட் 2 என்ற ஐரோப்பியக் கோட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம், இரண்டும் அலுவலகத்தில் ஒரே மேசையில் கிடக்கின்றன. பழைய கோட்டில் கிரேட் 30 என்றால் கனசதுரக் கட்டியை நசுக்கிப் பெற்ற பலம். யூரோகோட் கணக்கில் போடுவது உருளையை நசுக்கிப் பெற்ற பலம், அதே கொன்கிரீட்டுக்கு அது 25தான், அதனால்தான் சி25/30 என்று இரண்டையும் எழுதுகிறார்கள். ஏஐ இரண்டு கோட்டையும் கலந்து 30ஐ எடுத்து உருளை இடத்தில் போட்டால், இல்லாத பலத்தை 20 வீதம் கூட்டி நம்பிவிடுகிறோம். விடை பார்க்க அழகாகவே இருக்கும்.

கலவையின் பலத்தை முன்கூட்டிச் சொல்கிற ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஐ-செங் யே என்ற ஆய்வாளர் தொகுத்தது, 1030 பலச் சோதனை முடிவுகள். சீமெந்து, இரும்பு உலைக் கசடு, நிலக்கரிச் சாம்பல், தண்ணீர், இரசாயனக் கலவை, சல்லி, மணல், எத்தனை நாள் வயது, இந்த எட்டு எண்களைக் கொடுத்தால் பலம் வரும். நல்ல அட்டவணைதான், நானே அதில் பழகியிருக்கிறேன். ஆனால் அந்த எட்டில் ஒன்றாவது, மணல் ஆற்றில் அள்ளியதா, கடற்கரையில் அள்ளியதா என்று கேட்கவில்லை பாருங்கள். முல்லைத்தீவில் வேலை செய்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. உப்பு மணலில் போட்ட கொன்கிரீட் 28 நாளில் நல்ல பலம் காட்டும், கம்பி உள்ளே துருப்பிடிப்பது பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது, "குறைந்த செலவு" என்று சொல்லிவிட்டால் இயந்திரம் அதைத்தான் தேடும். 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் தருகிறோம் என்று வந்தபோது நடந்த வாக்குவாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கெதியாகப் பொருத்தலாம் என்பது அதன் பலம். சனங்கள் கேட்டது வேறு கேள்விகள்: மே மாத வெயிலில் உள்ளே இருக்க முடியுமா, விறகடுப்புப் புகை எங்கே போகும், மகளுக்குக் கலியாணம் என்றால் பக்கத்தில் ஓர் அறை இறக்கலாமா, உடைந்தால் ஊர் மேசன் திருத்துவாரா? இந்தக் கேள்விகளை எண்ணாக்கி ஏஐயிடம் கொடுக்கத் தெரிந்த பொறியியலாளர் எங்களுக்கு வேண்டும், அவர் இந்த மண்ணில் வளர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

கணினியை நம்பிக் கெட்டதற்கு ஒரு பெரிய உதாரணம் நோர்வேயில் இருக்கிறது, அதைத் தேடி வாசியுங்கள். கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடைக்காகக் கட்டிய ஸ்லைப்னர் ஏ என்ற கொன்கிரீட் அடித்தளம், 1991 ஓகஸ்ட் 23ஆம் திகதி, சோதனைக்காகத் தண்ணீரில் தாழ்த்தியபோது சுவர் ஒன்று வெடித்து முழுதாகத் தாழ்ந்தது. கணினியில் அந்தச் சுவர் மூலையைப் போதிய நுணுக்கத்தோடு சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கவில்லை, அதனால் சுவரைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டு விசை 47 வீதம் குறைவாக வந்தது, கம்பியும் குறைந்தது. பிறகு சரியாகக் கணக்குப் போட்டபோது 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். கணினியிடம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அது ஒழுங்காகவே சொல்லியிருக்கும்.

ஆகவே தம்பி, ஏஐயோ மென்பொருளோ எதைத் தந்தாலும் மொத்தப் பாரத்தைக் கையால் கூட்டி அடியில் வந்ததோடு ஒப்பிடுங்கள், ஒரு பீமையாவது கையால் போட்டுப் பாருங்கள், பிறகு அந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள். பத்து நிமிட வேலை.

வவுனியாவில் இருந்து: ஒன்பது வருடமாக ஆட்டோகாட்டில் வீட்டுப் படம் வரைகிறேன். இப்போது ஏஐ ஒரு நிமிடத்தில் படம் போடுகிறதாம். என் வேலை போய்விடுமா?

தங்கச்சி, கோடு வரைவதற்கு மட்டும் கிடைக்கும் காசு குறையும். அதை இப்போதே எதிர்பாருங்கள். ரெவிட் மாதிரி முப்பரிமாண மென்பொருள் ஒன்றையும், கம்பி வெட்டும் அட்டவணை சரிபார்ப்பதையும் இந்த வருடமே பழகத் தொடங்குங்கள்.

ஆனால் உங்கள் கண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1981இல் அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து ஹையாற் ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதை, கீழ் நடைபாதை இரண்டையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் முதல் வடிவமைப்பு. பூட்டுவதற்கு வசதியாக அதை இரண்டு கம்பியாக மாற்றி வரைந்தார்கள். அந்தச் சின்ன மாற்றத்தால் மேல் நடைபாதையின் ஒரு பூட்டில் இரண்டு மடங்கு பாரம் வந்தது. யாரும் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியியலாளர்களின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது, ஏனென்றால் படத்தில் இருந்த முத்திரை அவர்களுடையது. எங்கள் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம், பொறியியல் தொழில் செய்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஏஐ படம் போட்டாலும் பதிவில் இருப்பது மனிதர் பெயர்தான். "ஐயா, முதல் படத்தில் ஒரு கம்பி, இதில் இரண்டு, பார்த்தீர்களா?" என்று கேட்கிற படவரைஞரை எந்தப் பொறியியலாளரும் கைவிடமாட்டார்.

முல்லைத்தீவில் இருந்து ஒரு மூத்த மேசன்: கடலுக்குக் கிட்டத்தான் வீடு. 2012இல் ஐந்தரை இலட்சம் ரூபா வீட்டுத்திட்டத்தில் கட்டியது. யன்னலுக்கு மேல் இருக்கும் கொன்கிரீட் லிண்டலில் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பேரன் போனில் படம் எடுத்து ஏஐயிடம் காட்டினான், பூச்சு வெடிப்பு, பயமில்லை என்று சொல்லிற்றாம். எனக்கு மனம் கேட்கவில்லை.

ஐயா, உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். இந்த ஏஐக்களைப் பழக்குகிற படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், பேர் போன ஒரு தொகுப்பு அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்டது, 56,000க்கு மேற்பட்ட படங்கள், எல்லாம் பாலத் தளம், சுவர், நடைபாதை. வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை அது நன்றாகவே பழக்கும். உங்கள் லிண்டலுக்குள் கம்பி எங்கே போகிறது, மணல் எங்கே அள்ளியது என்று படத்தில் இல்லை. அதேபோல ஷெல் பட்ட சுவரை மேலே பூசி மறைத்த வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை இருக்கின்றன, கமராவுக்குத் தெரிவது பூச்சு மட்டும்தானே.

வெடிப்பு கம்பி போகும் வழியே நீளத்துக்குப் போவதென்றால், கம்பி துருப்பிடித்து ஊதிக் கொன்கிரீட்டைத் தள்ளுகிறது என்று சந்தேகப்படுங்கள். மண்ணிறக் கறை வருகிறதா? சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, வெறுமையான சத்தம் கேட்டால் உள்ளே கழன்றுவிட்டது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மாரி முடியும்போது கோட்டைத் தாண்டியிருந்தாலோ, சத்தம் வெறுமையாக இருந்தாலோ மேலே பூசி மூடாமல் ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் அந்த யன்னலுக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க விட வேண்டாம்.

பூநகரியில் இருந்து உயர்தர மாணவி: நானும் கட்டமைப்புப் பொறியியலாளராக வேண்டும். ஏஐ காலத்துக்கு இப்போதே என்ன மென்பொருள் பழகலாம்?

மென்பொருளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பிள்ளை. உங்கள் பாடசாலையில் கொன்கிரீட் சிலாப் போட்ட ஒரு வகுப்பறையைத் தேர்ந்தெடுங்கள். நீளம், அகலம் அளக்கவும், தடிப்பைப் படிக்கட்டு ஓரத்திலோ வெளி விளிம்பிலோ பார்த்து அளக்கலாம். ஒரு கன மீற்றர் கொன்கிரீட் கிட்டத்தட்ட இரண்டரை தொன். சிலாப்பின் எடையைக் கண்டுபிடியுங்கள், மேலே 1000 லீற்றர் தாங்கி இருந்தால் இன்னும் ஒரு தொன் சேருங்கள், அந்தப் பாரம் எத்தனை தூணால் இறங்குகிறது என்று எண்ணி, நடுத் தூணுக்கு எவ்வளவு, மூலைத் தூணுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அதே அளவுகளை ஏஐயிடம் கொடுத்து, அது பிரித்த விதமும் உங்களுடையதும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் கணக்கைப் படத்தோடு போட்டு, இரண்டு பேரில் யார் எங்கே தவறியிருக்கிறீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.